அளக்காமல் எழுதிய 20: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் குறைதீர்ப்புக் குழுவினருக்கும்,

உங்கள் வார்டில் என் அம்மாவின் மூச்சையும் நாடியையும் அளக்காமலே சார்ட்டில் எண்களை எழுதியது பற்றிய என் புகாருக்கு நீங்கள் எழுதிய பதில் வந்து சேர்ந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை: "பதிவேடுகள் அனைத்தும் முழுமையாக உள்ளன, பொய்யான தகவலைப் பதியும் உள்நோக்கம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவரவில்லை."

நான் இதை மறுத்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மறுக்கவில்லை. அந்த இரவில் யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லவும் யாரும் நினைக்கவில்லை. என் புகார் அதைப் பற்றியது. நான் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள்.

உங்களுக்குத் தனியாக இரண்டு முறை எழுதிப் பார்த்தாயிற்று. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையோ ஊரையோ போடவில்லை. இது உங்களுக்குத்தான் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அவரவர் ஊர் மருத்துவமனையை நினைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு 71 வயது. நிமோனியா என்று பொது வார்டில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு சிஸ்டர் வந்து காய்ச்சல் பார்த்தார், பி.பி. பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். அதற்குப் பிறகு விடியும் வரை அம்மாவின் கையை யாரும் தொடவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் ஸ்டூலில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த வார்டில் 34 கட்டில்கள். இரவுப் பணியில் ஒரு சிஸ்டர், ஒரு பயிற்சி மாணவி. எதிர் வரிசையில் ஒருவருக்கு ரத்த வாந்தி. இரண்டு பேரும் பெரும்பாலும் அங்கேதான் நின்றார்கள். அந்தச் சிஸ்டர் இரவு முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடித்ததை நான் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு மேல் அம்மா, "மூச்சு எட்டல கண்ணு" என்றார். தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு மேசைக்குப் போய்ச் சொன்னேன். காலையில் டாக்டர் வந்ததும் சொல்லலாம், ஐந்தரைக்கு ஸ்கேன் இருக்கிறது, தயாராக இருங்கள் என்றார்கள். ஐந்தரைக்கு வீல்சேரில் உட்காரவைத்துக் கீழே கூட்டிப் போனோம். வரிசையில் காத்திருந்து, படம் எடுத்து, மேலே வந்தபோது ஆறே முக்கால். ஸ்கேன் தாளில் நேரம் அச்சாகியிருக்கிறது: 6.12.

அம்மாவைப் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது கட்டிலின் காலில் தொங்கிய சார்ட் கண்ணில் பட்டது. இரவு 2 மணிக் கட்டத்தில் காய்ச்சல் 98.6, நாடி 82, மூச்சு 20, பி.பி. 120/80. காலை 6 மணிக் கட்டத்தில் காய்ச்சல் 98.6, நாடி 82, மூச்சு 20, பி.பி. 120/80. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, மேலிருந்து கீழே ஒரே மூச்சில் எழுதியது போன்ற சாய்வு. ஆறு மணிக்கு அம்மா அந்தக் கட்டிலில் இல்லை. அந்த மாடியிலேயே இல்லை.

செல்போனில் நேரம் வைத்து அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிடத்துக்கு 34. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். 36. ஓடிப் போய்க் கத்தினேன். டூட்டி டாக்டர் வந்தார். வந்தவர் முதலில் சார்ட்டைப் பார்த்தார், அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தார். "ஆறு மணிக்குக்கூட நார்மலாத்தானே இருந்திருக்காங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவர் அந்தக் கட்டத்தை நம்பினார். நம்புவதற்காகத்தானே அது அங்கே தொங்குகிறது?

ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் இருந்து அம்மா பிழைத்து வந்தார். இதை எழுதும்போது திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். அதனால் இது நஷ்டஈடு கேட்கும் மடல் அல்ல. அந்தச் சிஸ்டரை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லும் மடலும் அல்ல.

மூச்சு 20 என்பது சாதாரண எண் அல்ல. வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனில் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. மருத்துவம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 21 முதல் 24 என்றால் இரண்டு மதிப்பெண். 25-ஐத் தொட்டால் மூன்று. மூச்சு, நாடி போன்ற குறிகளில் ஏதாவது ஒன்றில் மட்டும் மூன்று வந்துவிட்டாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். அதாவது 20 என்பது யாரையும் எழுப்பாத எண்களில் கடைசி எண். அம்மாவின் 34-க்கு யாராவது ஓடி வந்திருக்க வேண்டும். தாளில் இருந்த 20 எல்லோரையும் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னது.

மூச்சை எண்ணக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால்தான் எங்கும் அதை விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்றே அழைத்தது. உடல்நிலை மோசமாகப் போவதை முந்திச் சொல்லும் குறிகளில் ஒன்று அது. அதையே அளக்காமல் எழுதுகிறார்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் 18, 20 என்ற இரண்டு எண்களில் மூச்சுகள் குவிந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்கள் அப்படிக் குவியலாக மூச்சு விடுவதில்லை. ஆகவே இது உங்கள் மருத்துவமனையில் மட்டும் நடப்பது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா இடத்திலும் நடக்கிறது என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைத்துக் கோப்பை மூடலாமா என்றுதான் கேட்கிறேன்.

அதற்குச் சரியான பெயர் நம் பேச்சிலேயே இருக்கிறது. ஒருவன் நடந்ததைத் தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்னால் "பொய் சொல்றான்" என்கிறோம். நடந்ததா இல்லையா என்ற கவலையே இல்லாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னால் "அடிச்சு விடறான்" என்கிறோம். இரண்டும் ஒன்றில்லை என்று பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்கும் தெரியும். பொய் சொல்கிறவனுக்கு உண்மை வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதன்மேல் துணியைப் போட்டு மூட முடியும். அடித்துவிடுகிறவனுக்கு அது எங்கே இருந்தால் என்ன?

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1986-இல் ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். 2005-இல் அது சின்னப் புத்தகமாக வந்து நிறையப் பேர் படித்தார்கள். அதன் தலைப்பு ஒரு ஆங்கில வசைச்சொல். சபையில் சொல்ல முடியாதது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பொய்யன் உண்மைக்கு எதிராக நின்றாலும் அதை மதித்துத்தான் நிற்கிறான். அடித்துவிடுகிறவன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே உண்மைக்குப் பெரிய எதிரி பொய்யன் அல்ல, இவன்தான். இவன் சொன்னது தற்செயலாகச் சரியாக இருந்துவிடலாம். இருந்தாலும் இவன் செய்தது அதேதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்கு அதில் பெருமை என்ன?

அந்தக் கட்டுரையில் ஒரு ஆஸ்பத்திரிக் கதையும் வருகிறது. கேம்பிரிட்ஜில் தத்துவவாதி விட்கன்ஸ்டைனுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த ஃபேனியா பாஸ்கல் என்ற பெண் டான்சில் அறுவை முடிந்து படுத்திருக்கிறார். விட்கன்ஸ்டைன் நலம் விசாரித்தபோது, வண்டியில் அடிபட்ட நாய் மாதிரி இருக்கிறது என்கிறார். அடிபட்ட நாய்க்கு எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று விட்கன்ஸ்டைன் முகம் சுளிக்கிறார். நோயில் கிடப்பவரிடம் அப்படிப் பேசியது கல்நெஞ்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டிலில் கிடப்பவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். வலி அவருடையது. அந்தக் கண்டிப்பு இருக்க வேண்டிய இடம் கட்டிலின் தலைமாடு அல்ல, சார்ட் தொங்கும் கால்மாடு.

வள்ளுவர் இதற்கு வெகு காலம் முன்பே ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த குறள்தான். பொய் என்றால் தன் நெஞ்சு அறிந்தது. அறிந்ததால்தான் அந்த நெஞ்சு பிறகு சுடுகிறது. ஆனால் நெஞ்சு ஒன்றையுமே அறியாமல் கை மட்டும் எழுதினால்? சுடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அன்று மூச்சு 20 என்று எழுதிய கைக்கு அம்மாவின் மூச்சு 34 என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிஸ்டர் அப்படி எழுதியிருக்கவே மாட்டார், பதறி ஓடி வந்திருப்பார். இதை நான் சத்தியமாக நம்புகிறேன். அவர் பொய் சொல்ல முடியாதவர். அப்படிப்பட்டவரையும் அடித்துவிட வைத்திருக்கிறது உங்கள் கட்டம்.

சரி, எண்ணாமலே எண்ணியதாகக் காட்டினாரே, அது பொய் இல்லையா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் ஒன்றை மறைத்தார்தான். மறைத்தது அம்மாவின் மூச்சை அல்ல. தான் எண்ணவில்லை என்பதை. ஆனால் வார்டுக்குள் அது மறைவான விஷயமா? பயிற்சி மாணவிக்குத் தெரியும், காலை ஷிஃப்ட் சிஸ்டருக்குத் தெரியும், தலைமைச் செவிலியருக்கும் தெரியும். "அது வழக்கமா போடறதுங்க" என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம் சொன்னார். ஒளிக்கும் எண்ணமே இல்லாமல் சொன்னார். ஒளித்திருந்தாலாவது அது தவறு என்ற நினைப்பு மிச்சம் இருக்கிறது என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று நினைக்கலாம். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. 22 வருடமாக எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவன். ஒப்புக்கு எழுதுவது என்றால் என்னவென்று எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும், ஏனென்றால் நானும் எழுதியிருக்கிறேன்.

காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் எண்பது பேர் கேனோடு நிற்பார்கள். பால் வண்டி வந்துவிடும். ஒவ்வொருவர் பாலிலும் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டு, அது ஆடி நிற்கும் வரை பொறுத்து, மேல்மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மழைக்காலம், ஆள் வேறு குறைவு. தெரிந்தவர்கள் பாலுக்கெல்லாம் மீட்டரை விடாமல் 28 என்று எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலும் 28-ஐ ஒட்டித்தான் வரும். நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. உங்கள் பதிலில் வருகிற அதே வாக்கியத்தை அன்றைக்கு என்னைப் பற்றியும் எழுதியிருக்கலாம்: உள்நோக்கம் இல்லை.

ஒற்றை மாடு வைத்திருந்த பாட்டி ஒருவர் ஒருநாள் கேனை நீட்டாமல் நின்றார். "எம் பாலு எல்லார்து பாலு மாதிரியேதான் இருக்குமா கண்ணு? நீ அதைய உள்ள விடவே இல்லியே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மீட்டரை விட்டேன். 30. அந்த எண்ணையும் கொழுப்பு அளவையும் வைத்துத்தான் சத்து கணக்காகும், அதை வைத்துத்தான் காசு. அடுத்து நின்றவர் பாலில் விட்டேன், 25. தண்ணீர் கலந்த பாலும் இந்தக் கிழவியின் பாலும் மூன்று வாரமாக என் நோட்டில் ஒரே விலைக்குப் போயிருக்கின்றன. அந்த மூன்று வாரத்துக் காசைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "எத்தனைன்னு கொடுப்பே?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த நாட்களில் அவர் பால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது. அந்தப் பால் போய்விட்டது. நான் பொய் எழுதியிருந்தால், அதாவது 30 என்று பார்த்துவிட்டு 28 என்று எழுதியிருந்தால், சரியான எண் என் மனதிலாவது கிடந்திருக்கும். யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கினால் வெளியே வந்திருக்கும். அடித்துவிட்டவனை எவ்வளவு உலுக்கினாலும் ஒன்றும் விழாது. உள்ளே ஒன்றும் இல்லை.

அம்மாவின் அந்த இரவும் இப்படித்தான் போய்விட்டது. இரண்டு மணிக்கு அவர் மூச்சு எத்தனை? நான்கு மணிக்கு? எப்போது ஏற ஆரம்பித்தது? உங்கள் குழு எத்தனை பேரை விசாரித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். இதனால்தான் "பொய் இல்லை" என்ற உங்கள் வாக்கியம் எனக்கு ஆறுதலாக இல்லை. என்னைப் பொறுத்தவரை அதைவிட மோசமான ஒன்று நடந்திருக்கிறது என்பதற்கு அந்த வாக்கியமே சாட்சி.

இதில் அடிபடுவது எங்களைப் போன்றவர்கள் மட்டுமல்ல. நிஜமாகவே கட்டிலருகே நின்று ஒரு நிமிடம் எண்ணி எழுதுகிற சிஸ்டர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். வாட்சைப் பார்த்து உதடு அசைய எண்ணுவார். அவர் எழுதும் 20-ம் கட்டம் நிரப்புவதற்காக எழுதும் 20-ம் தாளில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. பதரும் நெல்லும் குவியலில் ஒன்றாகத்தான் தெரியும். நாளடைவில் டாக்டர்கள் சார்ட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டால் நஷ்டம் உண்மையாக எண்ணியவருக்கும்தான்.

உள்நோக்கத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். செவிலியர் பணிக்கே தாயாக நீங்கள் கொண்டாடும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியைக் கவனிப்பது பற்றி எழுதிய இடத்தில் உண்மை பேசுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மனது வைத்தாலே முழு உண்மையையும் சொல்லிவிடலாம் என்று நீதிமன்றங்கள் நினைக்கின்றன, அது அப்படி இல்லை, கவனிக்கும் திறனும் நினைவில் நிறுத்தும் திறனும் சேர்ந்தால்தான் அது முடியும் என்பது அவர் கருத்து. உங்கள் வரவேற்பறைச் சுவரில் கைவிளக்கோடு அவர் படம் மாட்டியிருக்கிறீர்கள். இரவில் அந்த விளக்கை எடுத்துக்கொண்டு போனது பார்ப்பதற்காகத்தானே?

தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் பிறந்ததால்தானோ என்னவோ, அந்தச் சார்ட்டைப் பார்த்தபோது எனக்கு அப்படி அடிவயிறு கலங்கியது. மெய்யைத் தொடாமலே மெய் எழுதியிருந்தார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வருகிறேன். அம்மாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. சேர்க்கும்போதே சொன்னேன், மாத்திரை அட்டையையும் காட்டினேன், வார்டில் தினமும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நீங்கள் கொடுத்த சம்மரியில் முந்தைய நோய்கள் என்ற இடத்தில் சர்க்கரை இல்லை என்று இருக்கிறது. நிமோனியா என்று முதல் வரியில் எழுதிவிட்டு, சேர்க்கும்போது செய்த பரிசோதனையில் இரு நுரையீரலும் தெளிவு என்று ஏழாம் வரியில் எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் சம்மரியையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பத்தி எழுத்துப் பிசகாமல் அதேதான். கம்ப்யூட்டரில் முன்பே அடித்து வைத்த பத்தி எல்லோருக்கும் ஒட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, இதிலும். ஆனால் நாளைக்கு ராத்திரியில் வேறு ஊரில் வேறு டாக்டர் ஒருவர் இந்தத் தாளை நம்பி ஸ்டீராய்டோ குளுக்கோஸோ ஏற்றினால்?

உங்கள் பதிலின் கடைசிப் பத்தியில், இனிமேல் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கூடுதலாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவரப்போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் பார்க்காமல் கட்டம் நிரப்புகிற இடத்தில் இன்னொரு கட்டத்தைக் கொடுத்தால் அதையும் பார்க்காமல்தான் நிரப்புவார்கள். அறுவை சிகிச்சைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் செய்து பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. 2009-இல் அந்த ஆய்வு வெளியானது. பிறகு கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் முழுக்க அதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014-ஆம் வருட ஆய்வில் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதே சமயம், பட்டியலைக் கிட்டத்தட்ட எல்லா அறுவைகளிலும் பின்பற்றியதாகவே அந்த மருத்துவமனைகள் கணக்குக் கொடுத்திருந்தன. காரணம் எது என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதில் தலையிட நான் ஆள் இல்லை. பட்டியலில் டிக் விழுவது ஒன்று, அதில் சொன்னதைச் செய்வது வேறொன்று என்பதைப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் வார்டில் காலியாக விட்ட கட்டத்துக்குத் திட்டு விழுகிறது. நிரப்பிய கட்டத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. தரச்சான்றுக்காக ஆய்வு செய்ய வருகிறவர்கள் வெற்றிடம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறார்கள், அதில் இருக்கும் எண் கட்டிலில் இருக்கும் ஆளோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. 34 பேரைத் தனியாகப் பார்க்கும் ஒரு பெண்ணிடம், பார், அல்லது பார்த்ததாக எழுது என்று இரண்டு வழியைக் கொடுத்துவிட்டு முதல் வழியை அடைத்துவிட்டீர்கள். பிறகு அவருக்கு உள்நோக்கம் இருந்ததா என்று விசாரிக்கிறீர்கள். விசாரிக்க வேண்டியது உங்களுடைய அக்கறையின்மையை. இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது நான் கேட்பவை. முதலில், அளக்க முடியாதபோது "அளக்கவில்லை" என்று எழுதும் உரிமையை இரவுப் பணியில் இருக்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஏன் அளக்கவில்லை என்று ஒரு சொல் போதும்: வேறு நோயாளிக்கு அவசரம், நோயாளி ஸ்கேனில், ஆள் இல்லை. அப்படி எழுதியதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்று தலைமைச் செவிலியர் கையெழுத்தோடு வார்டில் ஒட்டுங்கள். அந்தச் சொல் ஒரு மாதத்தில் எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணினாலே இரவில் எத்தனை பேர் போதவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஆட்களைப் போடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மற்றதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சார்ட்டில் 2, 6, 10 என்று முன்பே அச்சடித்த நேரத்தை எடுத்துவிட்டு, பார்த்த நேரத்தைப் பார்த்தவரே எழுதும்படி மாற்றுங்கள். மூச்சை முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், பொறுப்பான ஒருவர் வார்டுக்குப் போய் ஐந்து நோயாளிகளின் மூச்சைத் தானே எண்ணிச் சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் வந்தால் யாரையும் தண்டிக்க வேண்டாம். ஏன் வந்தது என்று உட்கார்ந்து கேட்டால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியில் முன்பே அடித்து வைத்த பரிசோதனைப் பத்தியை நீக்குங்கள். டாக்டர் பார்த்ததை மட்டும் எழுதட்டும், இரண்டு வரியானாலும் சரி.

அந்த இரவு பணியில் இருந்த சிஸ்டர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். எடுத்திருந்தால் திரும்பப் பெறுங்கள்.

எனக்கு அனுப்பிய பதிலையும் திருத்தி அனுப்புங்கள். "பதிவேடுகள் முழுமையாக உள்ளன" என்ற வரியை எடுத்துவிட்டு, உங்களுக்கு உண்மையில் என்ன தெரியுமோ அதை எழுதுங்கள்: அன்று இரவு பத்து மணிக்குப் பிறகு காலை ஏழு மணி வரை இந்த நோயாளியின் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எங்களுக்குத் தெரியாது. அவ்வளவு போதும்.

2002-ஆம் வருட மருத்துவ நடத்தை விதிகளின்படி பதிவுகளின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கிய நகல் என்னிடம் இருக்கிறது. அதில் ஆறு மணிக் கட்டமும் இருக்கிறது. வருகிற மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டி வருவேன். அன்றைக்கு மூலச் சார்ட்டை எடுத்து வையுங்கள். அந்த இரண்டு கட்டங்களையும் அழிக்காமல், கீழே இருக்கும் எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். சம்மரியில் சர்க்கரை நோயையும் சேர்த்துக் கொடுங்கள். மாத்திரை அட்டையை மறுபடியும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மகன்